கடைசிச் சொட்டை ஊதாதே

“காப்பி, மேடம். மொத்த கிளாஸும் காப்பி அடிச்சிருக்கு.”

பேச்சிமுத்து இப்படிச் சொன்னதும் ஓரத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒன்றுதான் சத்தம் போட்டது. லேப்பில் மற்ற எல்லா வாயும் மூடிக்கொண்டன.

வடிவு மேடம் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

“யோசிச்சுத்தான் பேசுறியா?”

“யோசிக்க என்ன இருக்கு மேடம்? எல்லார் நோட்டுலயும் பத்தொன்பது புள்ளி எட்டு. ஒரு ஆளுக்குக்கூட ஏழு வரலை, ஒன்பது வரலை. அச்சடிச்ச மாதிரி எட்டு.”

“உன் நோட்டுல?”

“இருபது புள்ளி நாலு.”

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஃபிளாஸ்க்கில் ஆசிட்டை அளந்து விட வேண்டும். மேலே ஸ்டாண்டில் நிற்கும் நீளக் கண்ணாடிக் குழாய்தான் ப்யூரெட். அதிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வெளிர் ரோஜா நிறம் வந்து, போகாமல் நின்றால் முடிந்தது; அதுதான் எண்ட் பாயிண்ட். ப்யூரெட்டின் அடியிலுள்ள திருகை மூடிவிட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஆசிட், ஒரே காரம். அதனால் எல்லோருக்கும் ஒரே எண்தான் வர வேண்டும்.

வந்தது. பேச்சியைத் தவிர.

“ஒரு தடவை இல்ல மேடம். மூணு தடவை பண்ணேன். மூணும் இருபது புள்ளி நாலு. தப்பாப் பண்ணியிருந்தா மூணும் எப்படி ஒண்ணுபோல வரும்?”

“தப்பையே மூணு தடவை ஒழுங்காப் பண்ணா வரும்லா,” என்றான் கனகவேல், பின்னால் ஜன்னலோரத்திலிருந்து.

லேப் சிரித்தது. பேச்சிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். சிவந்தது.

“ஏல, அவன் காதுல எண்ட் பாயிண்ட் வந்துட்டு. திருகை மூடுங்கலே,” என்றான் கனகவேல்.

மேடம் சிரிக்கவில்லை.

“யாரு யாரைப் பார்த்து எழுதினாங்க? பேர் சொல்லு.”

பேச்சி இதை எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் என்று சொல்வது சுலபம். பேர் என்று கேட்டால் ஒரு முகம் வேண்டும். அடுத்த வரிசையில் லூர்துமேரி நின்றுகொண்டிருந்தாள். அவன் மூன்றாம் முறை பண்ணும்போது அவள் தலை கனகவேல் பக்கம் திரும்பியது அவனுக்கு நினைவு வந்தது. திரும்பியது நிஜம். ஒரு தடவை அல்ல, பல தடவை திரும்பியது.

“லூர்து. கனகவேல் நோட்டைப் பார்த்தா.”

“பார்த்த மாதிரி இருந்துதா, பார்த்தாளா?”

“பார்த்தா. நான் பார்த்தேன்.”

லூர்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மெல்லக் கீழே வைத்தாள்.

“சரி,” என்றார் மேடம். “வெள்ளிக்கிழமை வேற ஆசிட் தாறேன். அதுக்கு எவ்வளவு வரணும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். லூர்து மட்டும் பண்ணட்டும். சரியா வந்தா எல்லாருக்கும் இன்டர்னல் மார்க். தப்பா வந்தா ஒருத்தருக்கும் கிடையாது. லூர்துவுக்கு பூஜ்யம்.”

“அப்ப நான் மேடம்?”

“நீ அவ பக்கத்துல நில்லு. அவ கையை விட்டுக் கண்ணை எடுக்காதே. திருட்டுத்தனம் பண்ணா பிடி.” பேனாவை மறுபடி திறந்தவர் தலை நிமிராமலே சேர்த்துக்கொண்டார். “ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க எல்லாரும். தப்பான ரீடிங்கோட வாறவன் நாளைக்குத் திருந்துவான். பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றவன் என் லேப்புக்கு வேண்டாம். அவன் வேற டிபார்ட்மெண்ட் பார்த்துக்கலாம்.”

பேச்சி தலையாட்டினான். அது தனக்கில்லை, லூர்துவுக்கு என்றுதான் நினைத்தான்.

*

வெளியே வராந்தாவில் அவனோடு யாரும் பேசவில்லை. கனகவேல் மட்டும் பேசினான். அவனால் பேசாமல் இருக்க முடியாது.

“என்னல, மேடம் உன்னை லூர்து டேபிளுக்கு மாத்திட்டாங்க. குருகுலமா? விறகு உடைக்கணுமா, மாடு மேய்க்கணுமா?”

“காவலுக்குத்தான்ல. சிஷ்யன் ஒண்ணும் கிடையாது.”

“எல்லா சிஷ்யனும் முதல்ல அப்படித்தான் சொல்லுவான்.”

லூர்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பேச்சி நேரே போய் நின்றான். சுற்றி வளைத்துப் பேச அவனுக்குத் தெரியாது.

“ஏ லூர்து. வெள்ளிக்கிழமை நான் இமைக்காமப் பாப்பேன். சொல்லிட்டேன்.”

“பாரு.”

“கோபமா?”

“கோபப்பட்டா கை நடுங்கும். கை நடுங்கினா ஒரு சொட்டு கூடுதலா விழும். எனக்கு அந்த மார்க் வேணும்.” சைக்கிளை எடுத்தாள். “நாளைக்கு மத்தியானம் லேப் சும்மாத்தான் கிடக்கும். பழைய ஆசிட்டும் மிச்சம் இருக்கு. வா. முதல்ல நீ பண்ணு, நான் பாக்கேன்.”

“நீ எதுக்கு என்னைப் பாக்கணும்?”

“மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பாப் பண்ணுத ஆளை நான் பார்த்ததே இல்ல.”

அவள் அதைக் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அதுதான் அவனுக்கு அதிக எரிச்சல்.

*

மறுநாள் அவன் முன்னாலேயே போய்விட்டான். அவள் வருமுன் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக அடுக்கி, மேஜையைத் துடைத்து வைத்திருந்தான். மேஜையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

“கழுவிட்டியா?” என்றாள் லூர்து.

“நல்லாக் கழுவிட்டேன்.”

“நல்லான்னா?”

“நல்லான்னா நல்லாத்தான். உன்னை மாதிரி ஏனோதானோன்னு இல்ல.”

அவள் மேலே கேட்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன குருவே, தியானமா?”

“கை முன்னால இருந்தா உன் கையைத் தட்டிவிடத் தோணும்.”

பேச்சி பிப்பெட்டை எடுத்தான். நடுவில் வயிறு பருத்த கண்ணாடிக் குழல் அது. ரப்பர் பல்பை மாட்டி ஆசிட்டை உறிஞ்சி, கழுத்தில் போட்ட கோடுவரை ஏற்றினான். பல்பைக் கழற்றி மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்தான்.

“கட்டைவிரலா?” என்றாள். “சோடாப் பாட்டிலா அது? ஆள்காட்டி விரலை வை. அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடத் தெரியும்.”

மாற்றினான். ஆசிட் ஃபிளாஸ்க்குக்குள் இறங்கியது. எல்லாம் இறங்கியும் பிப்பெட்டின் நுனியில் ஒரு சொட்டு மட்டும் தங்கிவிட்டது. விழுகிற மாதிரி இருந்தது. விழவில்லை.

பேச்சி மேல்வாயில் வாயை வைத்து ‘ஃபூ’ என்று ஊதினான். சொட்டு தெறித்து உள்ளே விழுந்தது.

“ஏன் ஊதினே?”

“ஒட்டிக்கிட்டு நிக்குல்லா.”

“நிக்கட்டும்.”

“அதுவும் நாம எடுத்ததுதானே? விட்டுட்டா கணக்குல குறையும்.”

“குறையாது. அந்தச் சொட்டு உள்ளேயே நிக்கும்னு தெரிஞ்சுதான் கோடு போட்டிருக்கான். சும்மா நுனியைக் கண்ணாடியில தொட்டுட்டு எடுத்துரு. வாற அளவு வந்தா போதும்.”

பேச்சிக்கு அது பிடிக்கவில்லை. பாதியில் விட்டுப்போன மாதிரி இருந்தது. அவன் சாப்பிட்டால் தட்டை வழிப்பான். சண்டை போட்டால் கடைசி வார்த்தை அவனுடையதாக இருக்க வேண்டும். ஒரு சொட்டை மட்டும் ‘நீ அங்கேயே இரு’ என்று விட்டுவிட்டு வருவது அவன் பழக்கத்தில் இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் குஷிதான். இருபது புள்ளி நாலுக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. இந்த ஊதல்தான்.

கழுவி வைத்திருந்த அடுத்த ஃபிளாஸ்க்கை எடுத்து மறுபடி பண்ணினான். நுனியைத் தொட்டு எடுத்தான். சொட்டு நின்றது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரத்தை இறக்கினான். ரோஜா நிறம் வந்தது.

இருபது புள்ளி மூணு.

“மூணா?” என்றாள் லூர்து. அவளுக்கே ஆச்சரியம். “எட்டுல்லா வரணும். பத்தொன்பது எட்டு.”

“பாத்தியா! நான்தான் சரி. நீங்க எல்லாரும் தப்பு.”

“ஊதுனது ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டுதான் குறைஞ்சிருக்கு. மிச்சம் எங்க இருந்து வருது?” அவள் ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தாள். ப்யூரெட்டைக் குனிந்து பார்த்தாள். திருகு ஒழுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். “எல்லாம் சரியா இருக்கு. ஆனா சரியில்ல.”

“குருவுக்கே தெரியல.”

“தெரியலதான்.”

அவள் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது அவனுக்கு ஒருமாதிரி இருந்தது. அவனாக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

“உங்க டேபிள்ல வெள்ளை டைல் இருக்கே,” என்றாள் அவள், ஃபிளாஸ்க்குக்குக் கீழே வைக்கிற சதுரப் பீங்கானைப் பார்த்து. “எங்களுது போன மாசமே உடைஞ்சுபோச்சு. உனக்குக் கலர் பாக்க சுகம்.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. இருபது புள்ளி மூணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பெரிய எழுத்தில்.

*

வெள்ளிக்கிழமை மேடம் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து லூர்து முன்னால் வைத்தார். மேலே சீட்டு எதுவும் இல்லை.

“மூணு ரீடிங். முடிச்சுட்டுக் கூப்பிடு,” என்றார். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மார்க் அல்லவா? ஸ்டூல்களில் குந்திக்கொண்டு பார்த்தார்கள். கனகவேல் தன் பழைய இடத்தில், ஜன்னலோரம்.

பேச்சி லூர்துவுக்குப் பக்கத்தில் நின்றான். முந்தின நாள் அவள் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் ப்யூரெட்டைத் தண்ணீரில் கழுவினாள். பிறகு அதற்குள் போகப்போகிற காரத்தையே கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி வெளியே கொட்டினாள். சரி. பிப்பெட்டைத் தண்ணீரில் கழுவினாள். பிறகு ஆசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சிச் சுழற்றிக் கொட்டினாள். அதுவும் சரி. அவனும் அப்படித்தான் செய்வான்.

ஃபிளாஸ்க்கை எடுத்தாள். டிஸ்டில்டு வாட்டர் விட்டு நன்றாக அலசினாள். கவிழ்த்து உதறினாள். ஈரத்தோடு அப்படியே கீழே வைத்தாள்.

வைத்துவிட்டுப் பிப்பெட்டை எடுக்கப் போனாள்.

பேச்சி கழுத்தை நீட்டி ஃபிளாஸ்க்கையே பார்த்தான். காத்திருந்தான். அவள் ஆசிட் விட்டு அதைக் கழுவுவாள், இப்போது கழுவுவாள் என்று காத்திருந்தான். கழுவவில்லை.

“பிடிச்சுட்டேன்,” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

“என்னத்தை?”

“ஃபிளாஸ்க்கைக் கழுவலை.”

“கழுவினேனே.”

“தண்ணியில கழுவினே. ஆசிட்ல கழுவலை. ப்யூரெட்டுக்கு அதுல போறதை ஊத்திக் கழுவினே. பிப்பெட்டுக்கும் கழுவினே. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உள்ள தண்ணி நிக்குது பாரு. அது ஆசிட்டை நீர்க்க வச்சுரும். அதான் உனக்குக் குறையுது. எல்லாருக்கும் குறையுது.”

லூர்து அவனைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, அவள் முகம் மலர்ந்தது. தொலைந்த சாவி அகப்பட்ட மாதிரி.

“ஏ பேச்சி. நீ ஃபிளாஸ்க்கை ஆசிட்லயா கழுவுத?”

“பின்ன? ரெண்டு தடவை. உன்னை மாதிரி சோம்பேறி இல்ல.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஒவ்வொரு தடவையும்.”

“அதானா!”

“எதானா? நான் மேடத்தைக் கூப்பிடுதேன்.”

“கூப்பிடு. ஒரு ரீடிங் முடியட்டும். அதுவரை பொறுக்க முடியுமா உன்னால?”

முடியாது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுத்தான்.

அவள் ஆசிட்டை அளந்து விட்டாள். நுனியை ஃபிளாஸ்க்கின் சுவரில் தொட்டு எடுத்தாள். கடைசிச் சொட்டு பிப்பெட்டிலேயே நின்றது. பிறகு நிறம் காட்டுவதற்கு இரண்டு சொட்டு பினாஃப்தலீன். திருகைத் திறந்தாள். வலது கை ஃபிளாஸ்க்கைச் சுழற்றியது, இடது கை திருகின்மேல் இருந்தது. நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். ரோஜா நிறம் வந்து வந்து மறைந்தது. மறையத் தாமதமானதும் அவள் ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள்.

தலை கனகவேல் பக்கம் திரும்பியது.

பேச்சியும் திரும்பினான். அவள் கண் போன திசையிலேயே அவன் கண்ணும் போனது. கனகவேல் அங்கே மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. அவள் ஃபிளாஸ்க்கை அந்த வெள்ளைக்கு எதிரே பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள். நிறம் இன்னும் நிற்கவில்லை. கீழே கொண்டுவந்து இன்னொரு சொட்டு விட்டாள். மறுபடி தூக்கினாள். மறுபடி திரும்பினாள்.

லூர்துவின் டேபிளில் டைல் இல்லை.

பேச்சியின் காது சிவக்கத் தொடங்கியது. இந்தத் தடவை கோபம் இல்லை.

“பதினெட்டு புள்ளி ரெண்டு,” என்றாள் லூர்து. “எழுதிக்கோ. இப்ப சொல்லு. தண்ணி நின்னுது, அதான் குறைஞ்சுட்டு. அப்படித்தானே?”

அவன் எழுதிக்கொண்டான். அவள் ஃபிளாஸ்க்கை அலசினாள். அடுத்த அளவு ஆசிட்டை விட்டாள். பிறகு வாஷ் பாட்டிலை எடுத்து, அதன் வயிற்றை அமுக்கி, டிஸ்டில்டு வாட்டரைச் சர்ரென்று உள்ளே அடித்தாள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. ஃபிளாஸ்க்கில் பாதி ஏறிவிட்டது.

“ஏ ஏ! என்ன பண்ணுத?” அவன் கை முன்னால் வந்துவிட்டது.

“கையைப் பின்னால கட்டு.”

காரத்தை இறக்கினாள். சுவரைப் பார்த்தாள். மூடினாள்.

“படி.”

பேச்சி குனிந்தான். கண்ணை நேர்மட்டத்தில் வைத்துப் படித்தான். நம்பாமல் மறுபடி படித்தான்.

“பதினெட்டு புள்ளி ரெண்டு.”

மூன்றாவது தடவை அவள் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். ஸ்டூல்களில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பதினெட்டு புள்ளி இரண்டு.

“இப்ப நீ பண்ணு. உன் மாதிரிக் கழுவு,” என்று ஃபிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள். “நான் பிடிக்கேன்.”

அவன் ஃபிளாஸ்க்கில் ஆசிட்டை விட்டுச் சுழற்றிக் கொட்டினான். இன்னொரு தடவை சுழற்றிக் கொட்டினான். கவிழ்த்துப் பார்த்தால் காலியாகத்தான் இருந்தது. அளந்து விட்டான். ஊதவில்லை. காரத்தை இறக்கினான். டைல் இல்லாததால் அவனும் கனகவேல் பக்கம் திரும்பித் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

“என் நோட்டைத்தானே பாக்க?” என்றான் கனகவேல். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பேச்சி சிரிக்கவில்லை. படித்தான்.

பதினெட்டு புள்ளி எட்டு.

ப்யூரெட்டை மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு கேட்டான். சத்தமாக அல்ல. அந்த லேப்புக்கு வந்த நாளிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் கேள்வி மாதிரி இருந்த சண்டை.

“நீ அவ்வளவு தண்ணி ஊத்தினே. ஒண்ணும் ஆகலை. நான் கொட்டிட்டுத்தானே வச்சேன்? எனக்கு ஏன் கூடுது?”

“நீ எதைக் கொட்டினே?”

“ஆசிட்டை.”

“நாம அளந்து ஊத்துறது?”

“அதே ஆசிட்டை.”

லூர்து ஃபிளாஸ்க்கை வாங்கிக் கவிழ்த்தாள். உள்சுவரில் ஒட்டியிருந்த ஈரம் மெல்லத் திரண்டு, விளிம்பில் ஒரு துளியாகத் தொங்கியது.

“ப்யூரெட் அளந்து குடுக்கும். பிப்பெட் அளந்து குடுக்கும். அதுக ரெண்டும் உள்ள வச்சிருக்கதைத்தான் குடுக்கும், அதனால அதுல அதையே ஊத்திக் கழுவுதோம். இது குடுக்கிற பாத்திரம் இல்ல பேச்சி. வாங்குற பாத்திரம்.”

“அதனால?”

“வாங்க வரும்போதே அதைக் கொஞ்சம் வச்சுக்கிட்டு வந்தா, குடுத்ததுல எவ்வளவு, நீ கொண்டுவந்ததுல எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?”

அவன் அந்தத் துளியையே பார்த்தான். துளி விழுந்தது.

“அன்னைக்கும் இந்தச் சுவரைத்தான் பார்த்தியா?” என்றான் கடைசியில்.

“டைல் உடைஞ்சுபோச்சுன்னு சொன்னேனே.”

“சொன்னே.”

“காதுல விழலை?”

“எழுதிக்கிட்டிருந்தேன்.”

அவள் சிரித்தாள். கேலி இல்லாத சிரிப்பு. மூன்று ரீடிங்கும் ஒன்றுபோல வந்த சந்தோஷம் அதில் இருந்தது. மற்றபடி அவளுக்கு அவன்மேல் வருத்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அவனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

“நான் மேடத்துக்கிட்ட என்ன சொல்லணும் குருவே?” என்றான். குருவே என்று இந்தத் தடவை எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வழக்கமான இழுவை அதில் வரவில்லை.

“ஃபிளாஸ்க்கை ஆசிட்ல கழுவிட்டேன், தப்பு என்னோடதுன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். மார்க் எல்லாருக்கும் வந்துரும். உனக்கும் வந்துரும். அங்கேயே நிறுத்து.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மேடம் அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குல்லா? பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றவன் லேப்புக்கு வேண்டாம்னாங்க. உனக்கு இந்த லேப் வேணும். எனக்குத் தெரியும். கடைசிச் சொட்டை ஊதாதே.”

*

மேடம் வந்தார். நோட்டைப் பார்த்தார்.

“பதினெட்டு புள்ளி ரெண்டு. மூணும்.” முகத்தில் எதையும் காட்டவில்லை. பிறகு காட்டினார். “சரியா வந்திருக்கு. ரொம்ப சரியா வந்திருக்கு.”

லேப்பில் சத்தம் கிளம்பியது. கனகவேல் ஸ்டூலைத் தட்டித் தாளம் போட்டான். மேடம் கையைத் தூக்கி அடக்கினார்.

“பேச்சி. ஏதாவது பிடிச்சியா?”

“பிடிச்சேன், மேடம். என்னைத்தான்.” ஃபிளாஸ்க்கை எடுத்துக் காட்டினான். “ஃபிளாஸ்க்கையும் ஆசிட்ல கழுவிட்டேன். அதான் எனக்குக் கூடுச்சு. தப்பு என்னோடது.”

“ஓ.” மேடத்தின் கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது. “அக்கறை அதிகமாகிப் பண்ற தப்பு அது. சோம்பேறிக்கு வராது. சரி, இனிமே கழுவ மாட்டே. போய் உட்காரு. எல்லாருக்கும் மார்க் போட்டுடுறேன்.”

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. சரியான அளவு. லூர்து அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். சபாஷ் என்கிற மாதிரி.

மேடம் நோட்டை மூடியபடி லூர்து பக்கம் திரும்பினார்.

“உனக்கு இவ்வளவு நல்லா வருதே, அப்புறம் எதுக்கு அன்னைக்கு அடுத்தவன் நோட்டைப் பார்த்தே? போகட்டும். இந்தத் தடவை மன்னிச்சு விடுறேன். இனிமே உன் கையை நம்பு.”

“சரி, மேடம்,” என்றாள் லூர்து.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட அதிகம் விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

பேச்சி ஸ்டூல் வரைக்கும் போய்விட்டான். உட்காரக்கூடச் செய்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஜன்னலோரத்து வெள்ளைச் சுவர் வெயிலில் அப்படியே இருந்தது. மேடம் கதவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

“மேடம்!”

லூர்து தலையில் கை வைத்துக்கொண்டாள். ‘வேண்டாம்’ என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

“என்ன?”

“அவ நோட்டைப் பார்க்கலை. கலர் பாக்க அந்தச் சுவரைப் பார்த்தா. நான் பார்த்தேன்னு சொன்னேனே.” எழுந்து நின்றான். “நான் பார்க்கலை, மேடம்.”

கடைசிச் சொட்டை ஊதாதே என்று அவள் அவ்வளவு தூரம் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவன் கேட்கவில்லை.